சாலைத் தெருவிலிருந்து ஒரு விண்ணப்பம்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரையில் நீண்டு கிடக்கும் சாலைக் கடைத்தெருவுக்குள் காலை வேளையில் நுழைகிறவர்கள், வெல்லமும் கொப்பரையும் வற்றல் மிளகாயும் கலந்து வீசும் மணத்தினூடே, மலையாளத்தில் பேரம் பேசித் தமிழில் கணக்குக் கூட்டும் குரல்களைக் கேட்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸர் இந்த அங்காடியை உருவாக்கிய காலந்தொட்டு, தெற்கேயிருந்தும் கிழக்கேயிருந்தும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தராசையும் பேரேட்டையும் நம்பி இங்கே வாழ்ந்து வந்திருக்கின்றன. இத்தெருவிலே கடை வைத்துக்கொண்டே இத்தெருவின் மனிதர்களைக் கதைகளாக எழுதிய ஆ. மாதவனை வாசித்தவர்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் சாலை என்ற சொல்லுக்கு வீதி என்பதல்லாமல் கல்விக்கூடம் என்ற பொருளும் உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-ல், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் பார்த்திவபுரத்தில், திருமால் கோவிலோடு சேர்த்து ஒரு சாலையை நிறுவினான். அதில் 95 மாணவர்களுக்கு இடம் உண்டு என்றும், அதன் ஒழுங்குகள் காந்தளூர்ச் சாலையின் ஒழுங்குகளைப் பின்பற்றியவை என்றும், வியாகரணம் முதலிய சாஸ்திரங்களில் தேர்ச்சி உள்ளவர்களையே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அவனுடைய செப்பேடு விதிக்கிறது. அந்தக் காந்தளூர் நம்முடைய கடைத்தெருவை அடுத்த வலியசாலையே என்று கருதும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. விழிஞத்தை ஒட்டிய இடம் என்பாரும் உண்டு. எதுவாயினும், குறைந்த இடங்களும் கடுமையான தகுதி நிபந்தனையும் உள்ள கல்விச் சேர்க்கை இந்த மண்ணுக்குப் புதியதன்று. மலையாளிகள் இன்றும் பல்கலைக்கழகத்தைச் சர்வகலாசாலை என்றே வழங்குகிறார்கள். நம் பாட்டனார் காலத்துத் தமிழிலும் அதுவே வழக்கு.

இந்தச் சாலைத் தெருவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருடைய மகள், விலங்கியலில் பட்டம் பெற்றவள், மரபணு ஆலோசனை என்னும் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "அது டாக்டர் படிப்பா, லேப் படிப்பா, மோளே?" என்று, இவ்வூர் வழக்கப்படி இரண்டு மொழியையும் சேர்த்து, தகப்பனார் கேட்பார். இரண்டும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் நிற்பது என்று அவள் சொன்னால் அவருக்கு விளங்காது. விளங்கும்படி சொல்வதற்கு ஒரு குழந்தையின் கதையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறந்து ஆறு மாதமாகியும் குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை, கால்களை உதைக்கவில்லை. மருத்துவர் சந்தேகப்பட்டு இரத்தம் எடுத்து அனுப்புகிறார். சில வாரங்களுக்குப் பின்பு, ஆங்கிலத்தில், எழுத்துக்களும் எண்களும் நிறைந்த ஓர் அறிக்கை வந்து சேருகிறது. அதில் எழுதியிருப்பது என்ன, அது யாரிடமிருந்து வந்தது, அடுத்த குழந்தைக்கும் வருமா, கணவனின் தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்களே, அவளுக்குச் சொல்லத்தான் வேண்டுமா என்று அந்த வீட்டார் நெஞ்சில் எழும் கேள்விகளுக்கெல்லாம், வெளியே நாற்பது பேர் வரிசையில் காத்திருக்கும் மருத்துவருக்கு நின்று பதில் சொல்ல நேரம் இருப்பதில்லை. இரத்தத்தைப் பரிசோதித்தவரோ அந்தத் தாயின் முகத்தையே கண்டதில்லை. இந்த இடைவெளியில் உட்கார்ந்து, ஒரு மணி நேரமானாலும் பொறுமையாகக் கேட்டு, சாஸ்திரத்தை அவர்களுடைய பாஷையில் எடுத்துச் சொல்லி, முடிவை மட்டும் அவர்கள் கையிலேயே விட்டுவிடுவதுதான் மரபணு ஆலோசகரின் தொழில்.

அவர்களுடைய பாஷையில் என்று சொன்னேன். இந்தத் தொழிலின் உயிர்நிலையே அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆலோசகர் முதலில் செய்யும் காரியம் வம்சாவளிப் படம் வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், தம்பதிகளை இணைக்க ஒற்றைக் கோடு. அவர்கள் இரத்த சம்பந்தம் உள்ளவர்களாயின் இரட்டைக் கோடு. உலகம் முழுவதற்கும் பொதுவான இந்தக் குறியீட்டில், இரட்டைக் கோடு பல நாடுகளில் எப்போதோ ஒருமுறை வரைவது. தமிழ்க் குடும்பங்களிலோ அடிக்கடி வரைய வேண்டியிருப்பது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நால்வரில் ஒருவருக்கும் மேற்பட்டோர் உறவினரையே மணந்தவர்கள். மலையாளிகளிடையே இவ்வழக்கம் மிகக் குறைவு. ஆகவே மலையாளக் குடும்பங்களையே கண்டு பழகிய ஒருவர், தமிழ்த் தாய் ஒருத்தி "இவர் எனக்கு மாமாதான்" என்று சொல்லும்போது, அதற்குள்ளே ஒளிந்திருக்கும் கேள்விகளைக் கேட்காமலே போய்விடக் கூடும்.

மாமா என்றால் எந்த மாமா? தாயின் கூடப்பிறந்த தம்பியையே மணந்தவளா, தாய்மாமன் மகனை மணந்தவளா, அல்லது அந்நியத்தில் மணந்த கணவனை ஊர் வழக்கப்படி மாமா என்று அழைப்பவளா? அண்ணன் என்கிறாளே, கூடப்பிறந்த அண்ணனா, பெரியப்பா பிள்ளையா? ஒருவகையில், நம்முடைய உறவுப் பெயர்களைப் போல மரபணு ஆலோசகருக்கு உதவக்கூடியவை வேறில்லை. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிடும் சித்தப்பாவையும் தாய்மாமனையும் அத்தை கணவரையும் நாம் தனித்தனியே பெயரிட்டு வைத்திருக்கிறோம். ஆனால் அதே பெயர்களை மரியாதைக்காகவும் பிரியத்துக்காகவும் உறவில்லாதவர்களுக்கும் நாம் தாராளமாக வழங்குகிறவர்கள் ஆகையால், எது இரத்தம், எது பிரியம் என்று பிரித்தறியும் காது அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் எளிதில் வாய்க்கும்.

பிரித்தறிவதால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். கணக்கு மாறுகிறது. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தவர்களின் குழந்தைக்கு, ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்து சேரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அக்காள் மகளை மணந்தவர்களின் குழந்தைக்கு அது எட்டில் ஒன்று. உறவில்லாத தம்பதிகளுக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஏதேனும் பிறவிக் குறை இருக்கவே செய்கிறது. மாமன் மகள், அத்தை மகன் மணத்தில் அதற்கு மேல் ஏறத்தாழ இன்னும் இரண்டு மூன்று சேர்கிறது. அதாவது, உறவுக்குள் மணந்தவர்களின் குழந்தைகளிலும் மிகப் பெரும்பாலோர் ஆரோக்கியமாகவே பிறக்கிறார்கள். இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றை ஒன்று மறைக்காமல் சொல்ல வேண்டும். "சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான்" என்று ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுவது ஆலோசனை ஆகாது. அவள் ஏற்கெனவே மாமியாரிடமும் ஊராரிடமும் குலதெய்வக் குற்றம் என்றும் பூர்வஜன்ம பாபம் என்றும் கேட்டு வந்திருக்கிறாள். இருவரும் சமமாகக் கொடுத்தால்தான் இவ்வகை நோய் வரும், இதில் உன் குற்றம் என்று தனியாக ஒன்றும் இல்லை, அம்மா, என்று கணவனும் அருகில் இருந்து கேட்கும்படி யாரேனும் சொல்லும்போது அந்தத் தாயின் பாரம் எவ்வளவு இறங்கும்!

நாலில் ஒன்று என்ற கணக்கையும் இப்படித்தான் விளங்கும்படி சொல்ல வேண்டும். பெற்றோர் இருவரும் ஒரே குறையுள்ள மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வருவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. தராசுக்கும் கணக்குக்கும் பழகிய வீட்டில் இதைச் சொன்னால், "ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று கழித்துக் கணக்குப் போட்டு ஆறுதல் அடைந்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் தராசு வெறுமையாகி மறுபடி முதலிலிருந்து நிறுக்கிறது, முந்தின எடை பிந்தினதில் ஒட்டாது என்று சொல்லத் தெரிந்தவர், சாலைத் தெருவில் வளர்ந்தவராக இருந்தால் எவ்வளவு நல்லது.

இந்தத் தொழிலுக்குப் பெயர் வைத்தவர் ஷெல்டன் ரீட் என்ற அமெரிக்கர். மினசோட்டா சர்வகலாசாலையின் டைட் ஸ்தாபனத்தில் 1947-ல் பொறுப்பேற்ற அவர், மனித வம்சத்தைத் திருத்தப் புறப்பட்டவர்களின் கொடிய சித்தாந்தங்கள் உலகப் போரோடு அம்பலமாகிவிட்ட அந்தக் காலத்தில், அவற்றின் நிழல் படாத ஒரு பெயரைத் தேடி, இது குடும்பங்களுக்குச் செய்யும் ஒருவகைச் சமூக சேவை என்ற கருத்தில் மரபியல் ஆலோசனை என்று அழைத்தார். அதற்கென்று தனிப் பட்டப்படிப்பை முதன்முதலில் தொடங்கியது நியூயார்க்கை அடுத்த சாரா லாரன்ஸ் கல்லூரி, ஆண்டு 1969, தொடங்கியவர் மெலிஸா ரிக்டர் என்ற பேராசிரியை. பிள்ளைகளை வளர்த்துவிட்டு மீண்டும் படிக்க விரும்பிய குடும்பப் பெண்களை மனத்தில் வைத்தே அவர் அதை அமைத்தார் என்பது நம் நாட்டார் கவனிக்கத் தக்கது. 1971-ல் முதல் வகுப்பினர் தேறி வெளிவந்தார்கள். இங்கிலாந்தில் மாஞ்செஸ்டர் 1992-ல் பின்தொடர்ந்தது.

நம் நாட்டில் நடந்ததோ வேறு விதம். தொழில் தோன்றுவதற்கு முன்பே சட்டத்தில் அதன் பெயர் தோன்றிவிட்டது. கருவிலுள்ளது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து பெண்ணை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994-ல் இயற்றிய சட்டம், மரபியல் ஆலோசனை மையம் என்ற ஒன்றை வரையறுத்துப் பதிவு செய்யச் சொன்னது. அதன் விதிகளோ, அங்கே மருத்துவ மரபியல் நிபுணர் இருக்கலாம், இல்லாவிட்டால் ஆறு மாத அநுபவமோ நான்கு வாரப் பயிற்சியோ உள்ள மகப்பேறு மருத்துவரோ குழந்தை மருத்துவரோ போதும் என்றன. இரண்டாண்டு பயிலும் ஒரு தனி ஆலோசகரை அவ்விதிகள் எண்ணிப் பார்க்கவே இல்லை. இன்று மணிப்பாலில் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் மருத்துவ மரபியல் துறை, மரபணு ஆலோசனையில் இரண்டாண்டு எம்.எஸ்ஸி. நடத்துகிறது, வேறு சில இடங்களிலும் இவ்வகைப் படிப்புகள் தோன்றியிருக்கின்றன. 2014-ல் அமைந்த இந்திய மரபணு ஆலோசனை வாரியம் தேர்ச்சி பெற்றவர்களுக்குச் சான்றளிக்கிறது. ஆனால் இந்த விசாலமான தேசத்தின் தேவையோடு ஒப்பிட்டால் மொத்த இடங்கள் எத்தனை சொற்பம்! 95 பேருக்கு இடம் வைத்த கருநந்தடக்கனை நினைத்து நான் பெருமூச்செறிகிறேன்.

ஆகையால் சாலைத் தெருப் பெண் மணிப்பாலுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் கடல் கடந்த கல்லூரிகளையும் எண்ணிப் பார்ப்பாள். அங்கே சேர்க்கை முறை சற்று விசித்திரமானது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் விண்ணப்பங்கள் முடிவடையும். அடுத்த சில மாதங்களில் நேர்காணல். அதன் பின்பு, 2018 முதல் அமெரிக்காவிலும் கானடாவிலும் நடந்துவரும் ஏற்பாட்டின்படி, மாணவர் தம் விருப்ப வரிசையையும் கல்லூரிகள் தங்கள் விருப்ப வரிசையையும் தனித்தனியே ஒப்படைக்க, கணிப்பொறி இரண்டுக்கும் பொருத்தம் பார்த்து ஏப்ரல் மாதத்தில் முடிவைச் சொல்லும். பொருத்தம் என்ற சொல்லை நான் வலிந்து கொண்டுவரவில்லை. இந்தக் கணக்குக்கு மூலமான கட்டுரையை 1962-ல் எழுதிய டேவிட் கேல், லாயிட் ஷாப்ளி என்ற இரு கணித மேதைகள் கல்லூரிச் சேர்க்கையையும் விவாகப் பொருத்தத்தையும் ஒரே பிரச்சினையாகத்தான் ஆராய்ந்தார்கள். ஷாப்ளிக்கும், அக்கணக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. விண்ணப்பிக்கிறவர்கள் இதில் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: எந்தக் கல்லூரி நம்மை எடுக்கும் என்று ஊகித்து வரிசையை மாற்றுவதால் லாபமில்லை, மனத்தில் உள்ள விருப்பத்தை அப்படியே முன்பின்னாக எழுதுவதே உத்தமம். கணிப்பொறி முடித்துவைத்த சம்பந்தத்தை இரு தரப்பாரும் ஏற்றே ஆக வேண்டும். விண்ணப்பிப்போரில் பாதிப் பேருக்கும் குறைவாகவே இடம் கிடைத்துவருவதால், முதல் ஆண்டில் கிடைக்காமற்போவது அவமானமன்று. இரண்டாம் முறை விண்ணப்பித்துச் சேர்ந்தவர்கள் ஏராளம்.

மதிப்பெண்ணும், மரபியல், உயிர்வேதியியல், புள்ளியியல், உளவியல் ஆகிய பாடங்களில் பயிற்சியும், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் அவர்கள் கேட்பவற்றில் எளிய பகுதி. கடினமான பகுதி வேறு. துயரத்தில் இருக்கும் மனிதர்களோடு நீ உட்கார்ந்திருக்கிறாயா, குறுக்கே பேசாமல் கேட்கப் பழகியிருக்கிறாயா என்பதற்கு அவர்கள் அத்தாட்சி எதிர்பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் திகைத்து நிற்கிறார்கள். நம் பள்ளிகளும் கல்லூரிகளும் பேசுகிறவனுக்குப் பரிசு கொடுத்திருக்கின்றனவே தவிர, கேட்கிறவனுக்குக் கொடுத்ததில்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் வாழ்கிற மாணவிக்கு இந்த விஷயத்தில் ஒரு பாக்கியம் உண்டு. வலி தணிக்கும் சிகிச்சைக்காக ஊர் மக்களே தொண்டர்களாக முன்வந்து உழைக்கும் இயக்கம் கேரளத்தில் வேரூன்றியிருப்பதுபோல் வேறெங்கும் காண்பது அரிது, டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003-ல் தொடங்கிய பாலியம் இந்தியா இந்நகரத்திலேயே இருக்கிறது. வாரம் ஒரு நாள் படுக்கையில் கிடக்கும் ஒருவரின் அருகே உட்கார்ந்து வந்தவளுக்கு, விண்ணப்பத்தோடு இணைக்கும் சுயவிளக்கக் கட்டுரையில் எழுத உண்மையான விஷயம் இருக்கும்.

அந்தக் கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை. தம் வீட்டில் நோயுற்ற தம்பியையோ அக்காளையோ வைத்துக்கொண்டு இத்துறைக்கு வருகிறவர்கள் பலர். அந்தத் துயரத்தை எழுதலாம், எழுதுவதில் வெட்கமில்லை. ஆயினும் கண்ணீரோடு நிறுத்திவிடாமல், அந்த அநுபவம் பிறர் வீட்டுத் துயரத்தை அணுகும் முறையில் தனக்கு எதைக் கற்றுத் தந்தது, தன் அபிப்பிராயத்தைப் பிறர்மேல் திணிக்காமலிருக்க எவ்வாறு பழகினாள் என்பதையும் எழுதினால்தான் படிக்கிறவர்களுக்கு இவள் ஆலோசகியாகத் தகுந்தவள் என்ற நம்பிக்கை உண்டாகும். இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்ந்ததையும் எழுத வேண்டும். சாலைத் தெருவில் அது சாதாரணம் என்று அவள் நினைக்கலாம். இந்தத் தொழிலில் அது பெரிய மூலதனம்.

ஏனென்றால் இந்நகரத்து மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள ஸ்ரீ அவிட்டம் திருநாள் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களெல்லாரும் மலையாளம் பேசுகிறவர்கள் அல்லர். ஆறாவது வயதில் இதயநோயால் மறைந்த திருவிதாங்கூர் இளவரசரின் ஞாபகமாக எழுந்து 1952-ல் திறக்கப்பட்ட தாய்சேய் மருத்துவமனை அது. 1956-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும், நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியேறும் பெற்றோர் பழைய வழக்கப்படி திருவனந்தபுரத்துக்கே வருகிறார்கள். 2021-ல் வெளியான அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின் கீழ், அந்நோய்களைக் கவனிக்கும் சிறப்பு மையங்களில் ஒன்றாக இவ்வாஸ்பத்திரியும், சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தகுதியுள்ள நோயாளி ஒருவருக்கு 50 லட்ச ரூபாய் வரை உதவி கிடைக்கவும் அக்கொள்கை வழிசெய்கிறது. மருந்துக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டது. அந்த மருந்து எதற்கு, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தமிழில் சொல்ல ஆள் வேண்டாமா? கேரளத்துச் சர்வகலாசாலைகளும் தமிழ்நாட்டு மருத்துவப் பல்கலைக்கழகமும், இவ்விரு ஆஸ்பத்திரிகளைப் பயிற்சிக் களமாகக் கொண்டு, தமிழிலும் மலையாளத்திலும் ஆலோசனை சொல்லப் பழக்கும் பட்டப்படிப்பு ஒன்றைச் சேர்ந்து நடத்தலாகாதா?

அது நடக்கும் வரையில் காத்திருக்க வேண்டாத காரியம் ஒன்று உண்டு. எந்த நாட்டுக் கல்லூரியானாலும், விண்ணப்பிக்கும் முன்பு மாணவி ஒரு மரபியல் ஆலோசனை அறையில் உட்கார்ந்து, அங்கே நடப்பதைச் சில நாட்களாவது கண்டிருப்பதை விரும்புகிறது. பணம் கொடுத்து வாங்க முடியாதது இது; அறிமுகம் இல்லாத வியாபாரக் குடும்பத்துப் பெண்ணுக்கு இந்த ஒரு கதவே இறுதிவரை திறவாமலிருக்கிறது. திருவனந்தபுரத்திலும் வேலூரிலும் சென்னையிலும் மருத்துவ மரபியல் துறையில் பணியாற்றும் வைத்தியர்களை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: நோயாளியின் சம்மதம் பெற்று, வாரத்தில் ஒரு நாள், உங்கள் அறையின் ஓரத்தில் ஒரு மாணவிக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.